நூறு வோல்ட் ஓர்கனும் நமதூர்க் கரண்டும்

யப்பானில் தொழில் புரியும் நமதூர்ப் பிள்ளைகள் அனுப்பும் பெட்டிகளிலும், பாவித்த பொருட்கள் விற்கும் கடைகளிலும் இப்போது கீபோர்ட், சின்தசைசர் வகைகள் அடிக்கடி காணக் கிடைக்கின்றன. நம்மவர்கள் எல்லாவற்றையும் பொதுவாக "ஓர்கன்" என்றே சொல்வார்கள். புதிதாக வாங்கப் போனால் எட்டாத விலை. பாவித்ததாக வரும்போது கைக்கு எட்டுகிறது. பொருளும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். ஆனால் அதன் பின்பக்கத்தில் ஒரு சிறிய தகடு இருக்கும். அதில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். நமது வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட்.

அண்மையில் அயலூர்ப் பாடசாலையொன்றுக்கு அன்பளிப்பாக வந்த ஒரு சின்தசைசர், சுவரில் மாட்டிய சில வினாடிகளில் புகைந்து போனது. பிள்ளைகள் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அதன் பிறகு பலர் நம்மிடம் கேட்டார்கள்: "சேர், உலகம் முழுக்க ஒரே கரண்டை வைத்திருந்தால் என்ன? ஏன் இந்த வித்தியாசம்? இதை நமது கரண்டுக்கு மாற்ற முடியாதா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட, வரலாற்றோடு சேர்த்து இங்கே எழுதிவிடலாம் என்று எண்ணினோம். இசைக்கருவி பற்றிய வாதப் பிரதிவாதங்கள் வேறு. அவற்றுக்குள் நாம் போகவில்லை. இது மின்சாரம் பற்றிய பதிவு.

கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

1. நூறு எங்கிருந்து வந்தது?

1882 செப்டெம்பர் 4ஆம் திகதி, நியூயோர்க் நகரின் பேர்ள் வீதியில் தோமஸ் எடிசன் தனது மின் நிலையத்தை இயக்கி வைத்தார். அங்கிருந்து சுற்றியுள்ள கட்டடங்களுக்கு ஏறத்தாழ 110 வோல்ட் நேரோட்டம் போனது. ஏன் 110? அக்காலத்து மின்குமிழின் உள்ளே இருந்தது கரி இழை. அந்த இழை நீண்ட காலம் எரியாமல் தாக்குப் பிடிக்கும் அளவு ஏறத்தாழ 100 வோல்ட். நிலையத்திலிருந்து வீடு வரும் வழியில் கம்பியில் கொஞ்சம் இழப்பு ஏற்படும் அல்லவா? அதற்கும் சேர்த்து 110 வைத்தார்கள். அவ்வளவுதான். ஒரு குமிழின் இழை தாங்கும் அளவுதான் பிறகு பல நாடுகளின் வீட்டு மின்சாரத்தையே தீர்மானித்தது.

இதில் ஒரு சுவையான விடயம் உண்டு. எடிசன் நல்ல இழையைத் தேடி உலகின் பல பகுதிகளிலிருந்தும் தாவர நார்களை வரவழைத்துச் சோதித்தார். கடைசியில் அவருக்குப் பிடித்துப் போனது யப்பானின் கியோட்டோவுக்கு அருகே யவாட்டா பகுதியில் விளைந்த மூங்கில். அந்த மூங்கிலைக் கரியாக்கிச் செய்த குமிழ்கள் ஆயிரம் மணித்தியாலங்களுக்கும் மேலாக எரிந்தன. யப்பானின் மூங்கில் அமெரிக்காவுக்குப் போனது. அமெரிக்காவின் மின்சாரம் யப்பானுக்கு வந்தது.

டோக்கியோவில் 1887இல் வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க முறையைப் பின்பற்றிய யப்பான், காலப்போக்கில் 100 வோல்ட்டில் நிலைகொண்டது. இன்றும் அதுவே. அமெரிக்கா பிறகு 120க்கு ஏறியது. யப்பான் ஏறவில்லை. கோடிக்கணக்கான வீடுகளும் பொருட்களும் ஒரு அளவில் அமைந்துவிட்ட பின்னர் அதை மாற்றுவது எந்த நாட்டுக்கும் இலேசான காரியமல்ல.

2. ஒரு நாடு, இரண்டு மீடிறன்

யப்பானில் இன்னொரு புதுமையும் உண்டு. ஆடலோட்டம் ஒரு வினாடியில் எத்தனை தடவை முன்னும் பின்னும் அலைகிறது என்பதை மீடிறன் என்கிறோம். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தெரியும். அதன் அலகு ஹேர்ட்ஸ்.

1890களின் நடுப்பகுதியில் டோக்கியோவின் மின் கம்பனி ஜேர்மனியின் ஏ.ஈ.ஜி. நிறுவனத்திடமிருந்து பிறப்பாக்கிகளை வாங்கியது. அவை 50 ஹேர்ட்ஸ். ஏறத்தாழ அதே காலத்தில் ஒசாகாவின் கம்பனி அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திடம் வாங்கியது. அவை 60 ஹேர்ட்ஸ். இரண்டு வியாபாரிகள் தமக்கு வசதியான இடத்தில் சரக்கு வாங்கினார்கள். அதன் விளைவு இன்றும் தொடர்கிறது. பூஜி ஆற்றை ஒட்டிய எல்லைக்குக் கிழக்கே 50 ஹேர்ட்ஸ், மேற்கே 60 ஹேர்ட்ஸ்.

2011 மார்ச் 11இல் நிகழ்ந்த பூமியதிர்ச்சியும் சுனாமியும் நமக்கு நினைவிருக்கும். கிழக்கு யப்பானின் மின் நிலையங்கள் பல நின்றுபோயின. டோக்கியோப் பகுதியில் நேரம் ஒதுக்கி மின்வெட்டு நடந்தது. மேற்கில் மின்சாரம் இருந்தது. ஆனால் 60 ஹேர்ட்ஸை 50 ஆக மாற்றி அனுப்பும் நிலையங்களின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 1,000 மெகாவோட் மட்டுமே. இருந்தும் கொடுக்க முடியாத நிலை. நூறு வருடங்களுக்கு முன்னர் செய்த ஒரு கொள்வனவு இவ்வளவு தூரம் வந்து கடித்தது.

ஆனால் இந்தப் பிரிவினை நமக்கு ஒரு நன்மையைச் செய்திருக்கிறது. ஒரே நாட்டில் இரண்டு மீடிறன் இருப்பதால், யப்பான் உற்பத்தியாளர்கள் தமது பொருட்களைப் பொதுவாக இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்படி செய்தார்கள். யமஹாவின் ஊரான ஹமமட்சு 60 ஹேர்ட்ஸ் பக்கம். கோர்க் நிறுவனம் உள்ள டோக்கியோ 50 ஹேர்ட்ஸ் பக்கம். ஒருவர் செய்ததை மற்றப் பக்கத்தில் விற்றாக வேண்டும். ஆகவேதான் தகட்டில் "50/60" என்று எழுதியிருக்கிறது. நமது நாட்டின் 50 ஹேர்ட்ஸில் யப்பான் ஓர்கன் தடுமாறாது. தடுமாற்றம் வோல்ட்டில் மட்டும்தான்.

3. நமக்கு 230 எப்படி வந்தது?

ஐரோப்பாவும் ஆரம்பத்தில் 110 பக்கமே நின்றது. 1899இல் பேர்லின் நகரின் மின் கம்பனி தனது விநியோகத்தை 220 வோல்ட்டுக்கு உயர்த்தியது. இதற்குக் காரணம் செம்பு. ஒரே அளவு வலுவை அனுப்பும்போது, வோல்ட் இரு மடங்கானால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் பாதியாகும். மின்னோட்டம் பாதியானால் கம்பி சூடாகி வீணாகும் சக்தி நான்கில் ஒன்றாகும். ஆகவே மெல்லிய கம்பி போதும். கம்பியில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டே வாடிக்கையாளர்களின் பொருட்களை மாற்றிக் கொடுக்கும் செலவையும் ஈடுசெய்தார்கள் என்பது வரலாறு. ஐரோப்பா படிப்படியாக இந்த வழியில் போனது.

இலங்கையில் முதல் மின்விளக்கு 1895இல் கொழும்புக் கோட்டையிலிருந்த பிரிஸ்டல் ஹோட்டலில் எரிந்தது. பௌஸ்டெட் சகோதரர்கள் என்ற பிரித்தானியக் கம்பனியே அதைச் செய்தது. அதன் பிறகு வந்த பொறியியல், உபகரணம், ப்ளக், சொக்கட் எல்லாம் பிரித்தானிய வழியில் வந்தன. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கையின் நீர்வலு பற்றிய தனது ஆய்வுக் கட்டுரையை முன்வைத்தார். அவர் கண்ட கனவு 1950இல் லக்சபானவில் நிறைவேறியது. 1969இல் இலங்கை மின்சார சபை உருவானது. இன்று நமது தரம் வீடுகளுக்கு 230 வோல்ட், மூன்று கட்டத்துக்கு 400 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்.

ஆக, ஒரு யப்பான் ஓர்கனை நமது சுவரில் மாட்டுகிறோம் என்றால், நியூயோர்க்கில் ஒரு கரி இழைக்காக எடுத்த முடிவும், பேர்லினில் செம்பை மிச்சம் பிடிக்க எடுத்த முடிவும் அந்த ப்ளக்கில் வந்து முட்டிக்கொள்கின்றன.

4. உள்ளே என்ன நடக்கிறது?

பழைய ஓர்கன், சின்தசைசர்களின் உள்ளே முதலில் இருப்பது ஒரு நிலைமாற்றி. நாம் பேச்சில் ட்ரான்ஸ்போமர் என்போம். 1831இல் மைக்கல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. 1885இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த மூன்று பொறியியலாளர்கள் இதற்கு நடைமுறைக்குகந்த வடிவம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டான்லி ஒரு சிற்றூருக்கே இதன் மூலம் வெளிச்சம் கொடுத்துக் காட்டினார்.

இரும்புத் தகடுகளை அடுக்கி, அதில் இரண்டு கம்பிச் சுருள்கள். முதற்சுருளில் வீட்டு மின்சாரம் வரும். துணைச்சுருளில் கருவிக்குத் தேவையான 10, 15 வோல்ட் போன்ற சிறிய அளவு வெளியேறும். சுற்றுக்களின் விகிதமே வோல்ட்டின் விகிதம். சாதாரண தரப் பரீட்சையில் வருடாவருடம் பிள்ளைகள் கணக்குப் போடும் அதே விகிதம்தான்.

100 வோல்ட்டுக்குச் சுற்றிய முதற்சுருளில் 230ஐக் கொடுத்தால் இரண்டு விபரீதங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒன்று, துணைச்சுருளில் 15 வர வேண்டிய இடத்தில் 34 வரும். அதைத் தாங்காமல் உள்ளே இருக்கும் கொள்ளளவிகள் வெடிக்கலாம், சிப்கள் கருகலாம். இரண்டாவது, இரும்பு அவ்வளவு காந்தப் பாயத்தைத் தாங்காது. அது நிரம்பிவிடும். நிரம்பியதும் முதற்சுருள் வெறும் கம்பியைப் போல மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கும். சரியான அளவு உருகி இருந்தால் அது எரிந்து கருவியைக் காப்பாற்றும். முன்பு யாரோ உருகி இருந்த இடத்தில் கம்பித் துண்டைச் சுற்றி வைத்திருந்தால் அடுத்தது புகை, அதற்கடுத்தது தீ.

அயலூர்ப் பாடசாலையில் நடந்ததும் இதுவே. அந்தக் கருவியின் இரண்டு தட்டை ஊசி ப்ளக்கை யாரோ எப்போதோ வெட்டிவிட்டு நமது ப்ளக்கைப் பூட்டியிருக்கிறார்கள். பார்ப்பவருக்கு அது உள்ளூர்ப் பொருளாகவே தெரிந்திருக்கிறது.

5. பொருட்கள் வந்த பாதை

1977க்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. மூத்தவர்களைக் கேட்டால் ஒரு ரேடியோவுக்குப் பட்ட பாட்டைச் சொல்வார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. யப்பான் பொருட்கள் கொழும்புப் புறக்கோட்டையை நிறைத்தன. 1979இல் சுயாதீன தொலைக்காட்சி, 1982இல் யப்பானின் உதவியோடு ரூபவாஹினி. இலத்திரனியல் பொருள் என்றாலே யப்பான் என்று மனதில் பதிந்த காலம் அது.

அதே காலத்தில் நம்மவர்கள் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கினார்கள். விடுமுறைக்கு வரும்போது தோளில் பெரிய கெசட் ரேடியோவோடு வந்திறங்கிய காட்சி நமது ஊர்களில் யாருக்குத்தான் மறக்கும்? குவைத், கட்டார், துபாய் ஆகிய இடங்களிலிருந்து வந்த பொருட்களில் பிரச்சினை குறைவு. அங்கும் நமது அளவுக்கு நெருங்கிய வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சவூதி அரேபியாதான் வேறு. அங்கு வீடுகளில் 127 வோல்ட்டும் இருந்தது, 220 வோல்ட்டும் இருந்தது. மீடிறன் 60 ஹேர்ட்ஸ். 2010இல்தான் சவூதி அரசு படிப்படியாக 230க்கு மாறத் தீர்மானித்தது. மீடிறன் 60 ஆகவே தொடர்கிறது.

சவூதியிலிருந்து வந்த சில மின்சார மணிக்கூடுகள் இங்கு மணிக்குப் பத்து நிமிடம் பிந்தி ஓடியதற்குக் காரணம் இதுதான். அவ்வகை மணிக்கூடு மின்சாரத்தின் அலைகளை எண்ணியே நேரம் காட்டும். 60 எண்ண வேண்டிய இடத்தில் 50 தான் வருகிறது. ஆறில் ஐந்து என்ற இந்தக் கணக்கு இசைக்கருவியிலும் விளையாடியிருக்கிறது. 1930களில் அமெரிக்காவில் வந்த ஹம்மண்ட் ஓர்கனை உருவாக்கிய லோரன்ஸ் ஹம்மண்ட் மின் மணிக்கூடு செய்தவர். அந்த ஓர்கனின் மோட்டாரும் மின்சாரத்தின் மீடிறனைப் பிடித்துக்கொண்டே சுழலும். 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த ஹம்மண்டை 50இல் ஓட்டினால் வோல்ட்டைச் சரிசெய்தாலும் சுருதி ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும்.

சின்தசைசரில் இந்தத் தொல்லை இல்லை. அது வரும் மின்சாரத்தை முதலில் நேரோட்டமாக மாற்றிவிட்டு, தனது சுரத்தைத் தானே உள்ளே உண்டாக்குகிறது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்-7 போன்றவை உலகம் முழுக்கப் பரவியதற்கு அவற்றின் ஒலியும் விலையுமே காரணம். ஆயினும், எந்த நாட்டில் மாட்டினாலும் ஒரே சுருதியில் நிற்கும் என்பதும் சிறிய விடயமல்ல. வோல்ட்டை மட்டும் சரியாகக் கொடுத்தால் போதும்.

6. மாற்றத் தெரிந்த கைகள்

யப்பான் கம்பனிகள் ஏற்றுமதிக்குச் செய்த பல பொருட்களின் பின்னால் நான்கு நிலைகள் கொண்ட ஒரு சிறிய திருகு இருக்கும். 110, 120, 220, 240. நாணயத்தால் திருப்பலாம். உள்ளே முதற்சுருளில் நான்கு இடங்களில் கம்பி வெளியே எடுக்கப்பட்டிருக்கும். திருப்பும்போது எத்தனை சுற்று வேலை செய்கிறது என்பது மாறும். யப்பானுக்குள்ளேயே விற்கச் செய்த பொருட்களில் இந்தத் திருகு இருக்காது. இன்று நமக்குப் பாவித்ததாக வருபவை பெரும்பாலும் இவையே.

இந்த இடத்தில்தான் நமது ஊர்களின் ரேடியோ திருத்தும் நாநாமார்களின் வேலை தொடங்கியது. சந்தியில் ஒரு சிறிய அறை. மேசையில் ஈயம் ஒட்டும் கோல், ஒரு மீற்றர், ஒரு பெட்டி நிறையக் கழற்றிய பாகங்கள். இவர்களில் பலர் ஆங்கிலத்தில் பெரிய படிப்புப் படித்தவர்களல்லர். ஆனால் ஒரு கருவியைத் திறந்ததும் அதை நான்கு விதமாக மாற்றலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதல் வழி, உள்ளே பார்ப்பது. சில கம்பனிகள் எல்லா நாட்டுக்கும் ஒரே நிலைமாற்றியையே போட்டு, பாவிக்காத கம்பிகளை நுனியைச் சுருட்டி வைத்திருப்பார்கள். 220 அல்லது 240 என்று எழுதிய கம்பியைக் கண்டால் வேலை பாதி முடிந்தது. சிலவற்றில் சமமான இரண்டு முதற்சுருள்கள் இருக்கும். ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருந்ததைத் தொடராக மாற்றினால் தாங்கும் வோல்ட் இரட்டிக்கும். முனைகளை மாற்றிப் பொருத்தினால் ஒன்றையொன்று எதிர்த்து எரிந்துவிடும். ஆகவே இது கை தேர்ந்தவர் வேலை.

இரண்டாவது வழி, நிலைமாற்றியையே மாற்றுவது. வெளியே போகும் வோல்ட்டுகள் அதேபோல இருக்க வேண்டும், உட்புறம் 230 ஆக இருக்க வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் சுற்றுவார்கள். இதற்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். 45ஐ இரும்பின் நடுத்தண்டுப் பரப்பால் பிரித்தால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று வரும். தண்டு 9 சதுர சென்ரிமீற்றர் என்றால் வோல்ட்டுக்கு 5 சுற்று. 230க்கு 1,150 சுற்று. 15 வோல்ட் வேண்டுமென்றால் 75 சுற்று. இழப்புக்காக இன்னும் சிலவற்றைக் கூட்டுவார்கள். எனாமல் பூசிய செப்புக் கம்பியைக் கையால் சுழற்றும் இயந்திரத்தில் வரிவரியாகச் சுற்றி, வரிக்கு வரி காகிதம் வைப்பார்கள். எண்ணிக்கை தவறினால் திரும்ப ஒன்றிலிருந்து.

மூன்றாவது வழி, கருவியைத் தொடாமல் வெளியே ஒரு ஸ்டெப் டவுன் பெட்டி வைப்பது. 230 உள்ளே, 100 வெளியே. இதில் இரண்டு வகை உண்டு. ஒரே சுருளில் நடுவில் கம்பி எடுத்தது ஒன்று. மலிவு, பாரம் குறைவு. ஆனால் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பு இருக்கும். அதன் பொதுக் கம்பி உள்ளே அறுந்தால் 100 வர வேண்டிய இடத்தில் 230 வந்து நிற்கும். இரண்டு சுருளும் வேறு வேறாக இருப்பது மற்றது. பாரம் கூட, விலையும் கூட. பாதுகாப்பும் கூட.

நான்காவது, வெளி அடப்டரில் ஓடும் சிறிய கீபோர்டுகள். இவற்றைத் திறக்கவே தேவையில்லை. யப்பான் அடப்டரை ஒதுக்கிவிட்டு, அதே நேரோட்ட வோல்ட்டும், குறையாத அம்பியரும் கொண்ட உள்ளூர் அடப்டரை வாங்கினால் போதும். ஊசியின் நடுப்பகுதி நேரா மறையா என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். தகட்டில் அதற்கான சிறிய படம் இருக்கும். அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

எந்த வழியானாலும் அந்த நாநாமார் இரண்டு வழக்கங்களை விடமாட்டார்கள். மாற்றி முடித்ததும் நேரே சுவரில் மாட்டமாட்டார்கள். ஒரு பழைய இழைக் குமிழைத் தொடரில் வைத்து அதன் வழியாகவே முதலில் மின்சாரம் கொடுப்பார்கள். குமிழ் பளிச்சென்று எரிந்து நின்றால் உள்ளே பிழை. ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. அடுத்தது, உருகியை மாற்றுவார்கள். 30 வோட் எடுக்கும் கருவி 100 வோல்ட்டில் 0.3 அம்பியர் இழுக்கும். 230இல் 0.13 தான் இழுக்கும். பழைய உருகியையே விட்டால் அது காவல் செய்யாது.

7. யப்பானிலேயே எழுந்த ஒரு கேள்வி

இந்தப் பழைய கருவிகள் பெறுமதியானவையா என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. யப்பானில் மின்சாதனப் பாதுகாப்புக்கான சட்டமொன்று 2001இல் நடைமுறைக்கு வந்தது. அதன் அடையாளம் இல்லாத பழைய பொருட்களைக் கடைகள் விற்பதற்கு 2006 ஏப்ரலில் தடை வரவிருந்தது. அப்படி வந்திருந்தால் 70, 80களின் சின்தசைசர்களைப் பாவித்த பொருளாக அங்கே விற்க முடியாமல் போயிருக்கும். இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோ உட்பட இசைத்துறையினர் எதிர்ப்புத் தெரிவித்துக் கையெழுத்துத் திரட்டினார்கள். அரசு இறங்கி வந்து, பழம்பெறுமதி கொண்ட கருவிகளுக்கு விலக்களித்தது. பாதுகாப்புச் சட்டமும் தேவை, பழைய பொருளைக் காப்பதும் தேவை. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்ற கேள்வி பெரிய நாடுகளுக்கும் இருந்திருக்கிறது.

8. இன்று நாம் செய்ய வேண்டியது

முதலில் தகட்டை வாசியுங்கள். "100 - 240 வோல்ட்" என்று எழுதியிருந்தால் எதையும் மாற்றத் தேவையில்லை. உள்ளே இருப்பது புதிய வகை மின்வழங்கி. ப்ளக் வடிவம் மட்டுமே வேறு. "100 வோல்ட்" என்று மட்டும் இருந்தால் சுவரில் மாட்டவே கூடாது.

ட்ரவல் அடப்டர் என்று கடையில் விற்கும் சிறிய சதுரப் பொருள் பெரும்பாலும் ஊசியின் வடிவத்தை மட்டுமே மாற்றும். வோல்ட்டை மாற்றாது. இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்.

100 வோல்ட் பொருளின் தட்டை ஊசி ப்ளக்கை வெட்டாதீர்கள். அந்த ப்ளக் நமது சொக்கட்டில் போகாமல் இருப்பதுதான் அந்தப் பொருளின் முதல் காவலாளி. உள்ளே முறையாக மாற்றிய பின்னரே ப்ளக்கை மாற்ற வேண்டும். உலோக உடல் என்றால் மூன்று கம்பி வயர் போட்டு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்டெப் டவுன் வாங்கினால் கருவியின் வோட் அளவைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு சுருளும் வேறாக உள்ளதா என்று கேளுங்கள். மின்விசிறி ரெகுலேட்டர், டிம்மர் போன்றவற்றால் வோல்ட்டைக் குறைத்துப் பார்க்க வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து வரும் பொருளில் "120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ்" என்று மட்டும் இருந்தால், ஸ்டெப் டவுன் போட்டாலும் அதன் நிலைமாற்றி நமது 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகலாம். யப்பான் பொருளுக்குள்ள வசதி அதற்கில்லை. சிறிது நேரம் ஓட்டிவிட்டுச் சூட்டைக் கவனிக்க வேண்டும்.

கருவியைத் தாமாகவே திறக்க வேண்டாம். ப்ளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: மாற்றிய கருவியின் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். "230க்கு மாற்றப்பட்டது", திகதி, புதிய உருகியின் அளவு. மாற்றாத கருவியில் "100 மட்டும்" என்று சிவப்பில் எழுதுங்கள். அந்தப் பொருள் இன்று நம்மிடம் இருக்கும், நாளை வேறொருவர் வீட்டில் இருக்கும். அடுத்தவருக்குத் தெரியாமல் விட்டால் அது அமானிதத்தைப் பேணியதாகாது.

கடைசியாக ஒரு கவலை. சந்தியிலிருந்த ரேடியோ திருத்தும் அறைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. கணக்கைத் தலையில் வைத்திருந்த மூத்தவர்களில் பலர் மௌத்தாகிவிட்டார்கள். இருப்பவர்களின் கண் பார்வையும் குறைந்துவிட்டது. அவர்களின் பிள்ளைகள் போன் கடை வைத்திருக்கிறார்கள். அதுவும் நல்ல தொழில்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நிலைமாற்றி சுற்றும் கணக்கைப் புத்தகத்தில் படிக்கும் நமது மாணவனுக்கு, அதைக் கையால் செய்த ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார் என்பது தெரியாது. அவருக்கும், தான் செய்தது பாடப்புத்தகத்தில் இருக்கும் விடயம் என்று எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அடுத்த தவணையில் அப்படியான ஒருவரை வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு சிறிய நிலைமாற்றியைச் சுற்றிக் காட்டச் சொல்ல எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் தெருவில் அவ்வாறான ஒரு நாநா இருந்தால், அவரது சம்மதத்தைக் கேட்டு நமக்குத் தெரியப்படுத்துங்கள். வீட்டில் பாவிக்காமல் கிடக்கும் பழைய ஸ்டெப் டவுன், கையால் சுழற்றும் இயந்திரம், எனாமல் கம்பி எதுவும் இருந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். விஞ்ஞான கூடத்தின் அலுமாரியில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.